சூசோவா, ஹாங்சோவா? நான்கு நாட்களுக்கு எந்த ஊர்?

இளவேனில்:

அனைவருக்கும் வணக்கம். வரும் நவம்பர் இரண்டாம் வாரத்தில் நானும் அம்மாவும் ஷாங்காய் செல்கிறோம். எனக்கு அங்கே இரண்டு நாள் அலுவலக வேலை இருக்கிறது. அது முடிந்த பின் நான்கு நாட்கள் முழுமையாக எங்களுக்குக் கிடைக்கும். ஷாங்காயிலேயே அந்த நான்கு நாட்களையும் கழிக்க மனமில்லை. பழைய தோட்டங்கள் இருக்கும் ஊர் ஒன்றில் தங்கி, அவசரமில்லாமல் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

யாரைக் கேட்டாலும் சூசோ, ஹாங்சோ என்ற இரண்டு பெயர்களையே சொல்கிறார்கள். "மேலே சொர்க்கம், கீழே சூசோவும் ஹாங்சோவும்" என்று சீனர்களே இரண்டையும் சேர்த்துத்தான் சொல்வார்களாம். இரட்டைப் பிள்ளைகளைப் போல அவர்கள் சேர்த்துச் சொல்லிவிட்டதால், ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டிய என் போன்றவர்களுக்குத்தான் சிக்கல். இரண்டுக்கும் போவதா, ஒன்றிலேயே இருப்பதா, ஒன்று என்றால் எது என்பதே என் கேள்வி. அம்மாவுக்கு 71 வயது. பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இடது முழங்கால் வலி உண்டு என்றாலும், கைத்தடியுடன் நிதானமாக நடப்பார். இருவரும் சைவம்.

வழித்துணை:

ஹாங்சோ. மேற்கு ஏரி ஒன்றே போதும். சூசோவைக் காலையில் போய் மாலையில் திரும்பும் பயணமாக ஷாங்காயிலிருந்தே பார்த்துவிடலாம். அதிவேக ரயிலில் அரை மணி நேரம்தான் ஆகும். நான் அப்படித்தான் செய்தேன். ஒரே நாளில் மூன்று தோட்டங்கள், ஒரு கோபுரம், ஒரு படகுச் சவாரி என்று எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கல்தச்சன்:

வழித்துணை அவர்கள் சொன்னதற்கு நேர் எதிராகச் சொல்ல வேண்டியிருப்பதற்கு மன்னிக்கவும். "முடித்துக்கொண்டு வந்துவிட்டேன்" என்று சொல்லும்படி சூசோவைப் பார்த்தால், அதைப் பார்த்ததாகவே கணக்கில் வராது. இதை அனுபவத்தில்தான் சொல்கிறேன். என் முதல் பயணத்தில் நானும் ஒரே நாளில் நான்கு தோட்டங்களுக்குள் நுழைந்து வெளியே வந்தேன். அன்றிரவு படங்களை எடுத்துப் பார்த்தபோது எந்தக் குளம் எந்தத் தோட்டத்தினுடையது என்று எனக்கே தெரியவில்லை. கட்டட வடிவமைப்பைத் தொழிலாகச் செய்தவன் என்ற முறையில் அது எனக்குப் பெரிய வெட்கம். மூன்று ஆண்டுகள் கழித்து மறுபடி சென்று, நான்கு நாட்களில் நான்கு தோட்டங்களை மட்டும் பார்த்தேன்.

இந்தத் தோட்டங்கள் பூங்காக்கள் அல்ல என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இவை வீடுகள். அரசுப் பணியிலிருந்து விலகியவர்களும் விலக்கப்பட்டவர்களும் பணம் சேர்த்தவர்களும், ஊருக்கு நடுவே உயரமான வெள்ளைச் சுவருக்குள் தங்களுக்கென்று ஒரு மலையையும் ஆற்றையும் அமைத்துக்கொண்டு வாழ்ந்த இடங்கள். மிகப் பெரிதான சுவோசெங் தோட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அரசவையில் மனம் கசந்து ஊர் திரும்பிய வாங் சியான்சென் என்ற அதிகாரி அதை அமைத்தார். காய்கறி பயிரிட்டு விற்பதுதான் திறமையற்றவன் செய்யக்கூடிய அரசியல் என்ற பழைய வாசகத்திலிருந்து அதற்குப் பெயரும் வைத்தார். பணிவைப் போலத் தோன்றும் அந்தப் பெயருக்குள் ஒரு குத்தல் இருக்கிறது. அவருடைய மகன் அந்தத் தோட்டத்தைச் சூதாடித் தோற்றான் என்று ஊரில் கதை சொல்வார்கள்.

ஆயினும் முதலில் பார்க்க வேண்டியது அதுவல்ல என்பேன். சுவோசெங் ஏறத்தாழ 13 ஏக்கர்; கொடி பிடித்த வழிகாட்டிகளும் ஒலிபெருக்கிகளும் நிறைந்தது. அதைவிட, வாங்ஷி தோட்டத்துக்குச் செல்லுங்கள். 'வலைகளின் தலைவன்', அதாவது மீனவன் என்று பொருள்படும் பெயர். வலைஞர் தோட்டம் என்று நான் தமிழ்ப்படுத்திக்கொண்டேன். மொத்தமே ஒன்றேகால் ஏக்கரைச் சற்றுத் தாண்டும். நடுவில் உள்ள குளம் நம் ஊர்க் கோயில் தெப்பக்குளங்களோடு ஒப்பிட்டால் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. ஆனால் கரையில் நின்றால் அது சிறிய குளம் என்று தோன்றவே தோன்றாது. காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழுக் காலைப்பொழுது தேவைப்பட்டது. கரைக் கற்களை உள்ளே குடைந்து, நீர் அவற்றுக்கு அடியில் இன்னும் போய்க்கொண்டே இருப்பது போல அமைத்திருக்கிறார்கள். ஒரு மூலையில் நீர் மெல்லிய ஓடையாகக் குறுகி மறைகிறது. அந்த ஓடையின் குறுக்கே, மூன்று எட்டில் கடந்துவிடக்கூடிய குட்டிக் கல்பாலம் ஒன்று வளைந்து நிற்கிறது. பாலம் சிறியதாக இருப்பதால் அதற்குப் பின்னால் தெரியும் நீர்ப்பரப்பு பெரியதாகிவிடுகிறது. மேற்குக் கரை மண்டபத்தில் ஒரு கண்ணாடி மாட்டியிருக்கிறது. எதிர்க்கரை அதிலும் விழுவதால் குளம் இன்னொரு மடங்கு நீள்கிறது. அத்தனையும் கணக்குப் போட்டுச் செய்த ஏமாற்று. அது ஏமாற்று என்று தெரிந்த பிறகும் கண் ஏமாறிக்கொண்டேதான் இருந்தது.

அந்தத் தோட்டத்தில் உள்ள ஒரு படிப்பறை முற்றத்தை முன்மாதிரியாகக் கொண்டுதான் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்குள் சீன முற்றம் ஒன்றைச் சூசோ கைவினைஞர்களே சென்று கட்டினார்கள். 1981-இல் அது திறக்கப்பட்டது. யுனெஸ்கோ 1997-இல் நான்கு சூசோ தோட்டங்களை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தபோது இதுவும் அவற்றில் ஒன்று. 2000-இல் மேலும் ஐந்து சேர்ந்து ஒன்பதாயின. ஒன்பதையும் பார்த்தே தீர வேண்டும் என்று யாரேனும் சொன்னால், தயவுசெய்து கேட்காதீர்கள்.

கரைநடை:

கல்தச்சன் ஐயாவின் பதிவைப் படித்த பின் சூசோவுக்கு எதிராகப் பேசுவது கடினம்தான். ஆனாலும் ஹாங்சோவில் இரண்டு ஆண்டுகள் வேலை செய்தவன் என்பதால் சும்மா இருக்கவும் முடியவில்லை. நம்மவர்களில் பலருக்கு ஹாங்சோ என்றால் 2023-இல் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியும், அதில் இந்தியா வென்ற 107 பதக்கங்களும் மட்டுமே நினைவுக்கு வருகின்றன. அந்த ஊருக்கு அது போதாது.

சூசோவில் மலையையும் நீரையும் சுவருக்குள் கொண்டுவந்தார்கள் என்றால், ஹாங்சோவில் சுவரே இல்லை. மூன்று பக்கம் மலை, நான்காவது பக்கம் நகரம், நடுவே ஏறத்தாழ ஆறரை சதுர கிலோமீட்டர் ஏரி. பார்த்தால் இயற்கையாக அமைந்தது போலத் தோன்றும். உண்மையில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகத் தூர்வாரித் தூர்வாரிக் காப்பாற்றிய ஏரி அது. தூர்வாராமல் விட்டிருந்தால் எப்போதோ சேறும் புல்லுமாக மேடேறி வயலாகியிருக்கும். 1089-இல் அந்த ஊரின் ஆட்சியராக வந்த கவிஞர் சூ டோங்போ வந்து பார்த்தபோது ஏரியின் பாதியளவை நீர்ப்பாசி மூடியிருந்தது. மறு ஆண்டே ஆட்களைத் திரட்டித் தூர்வாரினார். வாரிய சேற்றையும் பாசியையும் எங்கே கொட்டுவது என்ற கேள்விக்கு அவர் கண்ட விடைதான் இன்று தெற்கிலிருந்து வடக்கே ஏரியைக் கடக்கும் 2.8 கிலோமீட்டர் நீளமான சூ கரை. ஆறு பாலங்கள், இருபுறமும் வில்லோ மரங்களும் பீச் மரங்களும். கழிவைக் கொட்டிய இடம் ஊரின் அழகாகிவிட்டது! பாசி மறுபடி மண்டாமல் இருக்க, கரையோர நீரை உழவர்களுக்கு, நீரில் விளையும் சிங்காரக் கொட்டையைப் பயிரிட விட்டாராம்; பயிரிடுபவர்கள் அடிக்கடி நீரைச் சுத்தம் செய்வார்கள் அல்லவா? பயிர் இதைத் தாண்டக் கூடாது என்பதற்கு எல்லைக்கல்லாக நட்ட மூன்று கல் தூபிகளின் வழிவந்தவைதான் இன்று ஏரி நடுவே நிற்பவை என்பார்கள். உங்கள் பணப்பையில் ஒரு யுவான் தாள் இருந்தால் திருப்பிப் பாருங்கள், அவற்றின் படம் இருக்கும்.

ஏரியில் செய்ய வேண்டியது அதிகமில்லை. விடியற்காலையில் கரைக்கு வந்துவிட வேண்டும், அவ்வளவுதான். நான் வேலைக்குப் போகும் முன் தினமும் அப்படிச் செய்தேன். முதியவர் ஒருவர் கைப்பிடியளவு பஞ்சு கட்டிய நீண்ட தூரிகையை வாளித் தண்ணீரில் தோய்த்துத் தரைக்கல்லில் எழுத்துகளை எழுதுவார். நான்காவது எழுத்துக்கு வரும்போது முதல் எழுத்து காய்ந்திருக்கும். அவர் அதைத் திரும்பிப் பார்த்து நான் கண்டதில்லை. நவம்பரில் காலை மூடுபனி இருக்கும். மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிறிக்கொண்டே போகும். ஓவிய ஆசிரியரான உங்கள் அம்மாவுக்கு இதைவிட வேறென்ன காட்ட முடியும்?

இன்னும் ஒன்று. ஏரியைச் சுற்றியுள்ள பூங்காக்களுக்கு 2002 முதல் நுழைவுக் கட்டணம் எடுக்கப்பட்டுவிட்டது. சூசோவில் ஒவ்வொரு தோட்டத்துக்கும் தனித்தனியாகச் சீட்டு வாங்க வேண்டும். ஏரியோரம் வெறுமனே உட்கார்ந்திருக்கலாம். "காசு கொடுத்துவிட்டோமே" என்று எல்லா மூலைகளையும் பார்த்துவிடத் தோன்றாது.

வழித்துணை:

லிங்யின் கோயிலைச் சொல்ல மறந்துவிட்டீர்களே. நான்காம் நூற்றாண்டில் இந்தியத் துறவி ஒருவர் நிறுவிய கோயில் அது. எதிரே உள்ள குன்றைப் பார்த்து, "இது எங்கள் நாட்டுக் கழுகுச் சிகரம் அல்லவா, இங்கே எப்போது பறந்து வந்தது?" என்று அவர் வியந்தாராம். அதனால் குன்றின் பெயரே 'பறந்து வந்த சிகரம்'. அதன் பாறைகளிலும் குகைகளிலும் 300-க்கும் மேற்பட்ட சிற்பங்கள் உள்ளன. தொப்பையைத் தள்ளிக்கொண்டு சிரிக்கும் புத்தர் உருவத்தை மட்டுமாவது பார்த்துவிட்டு வாருங்கள்.

இளவேனில்:

மூவருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ஆனால் படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. நடைமுறைக் கேள்விகள் இரண்டு. அம்மாவின் முழங்காலுக்கு எந்த ஊர் எளிது? சிறிய தோட்டங்கள் என்பதால் சூசோதான் எளிது என்று நினைத்திருந்தேன், சரியா? சைவ உணவு எங்கே நன்றாகக் கிடைக்கும்?

மிளகுரசம்:

உணவுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். இரண்டு ஊர்களிலும் சிக்கல் உண்டு, இரண்டு ஊர்களிலும் வழியும் உண்டு. சூசோக்காரர்களுக்குக் காலை உணவு என்றாலே சாற்றில் மிதக்கும் நூடுல்ஸ்தான். மேலே என்ன போட வேண்டும் என்று நாம் தேர்ந்தெடுக்கலாம் என்பதால், காளானைச் சொல்லிவிட்டால் சைவமாகிவிட்டது என்று ஏமாந்துவிடாதீர்கள். அடியில் இருக்கும் சாறு எலும்பில் காய்ச்சியது. அடுக்கடுக்காக உதிரும் அந்த ஊர் நிலாப் பணியாரத்திலும் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள். இனிப்புதானே என்று நானே ஒருமுறை வாங்கிப் பாதி தின்ற பிறகுதான் தெரிந்தது.

ஆனால் சூசோவின் சீயுவான் கோயிலில் கிடைக்கும் காளான் நூடுல்ஸ் முழுச் சைவம். பூண்டு, வெங்காயம்கூடச் சேராது. பக்தர்கள், அலுவலகம் போகிறவர்கள் எல்லாரும் ஒரே வரிசையில் நின்று வாங்கி, நீண்ட மேசையில் தோளோடு தோள் உரச உட்கார்ந்து சாப்பிடுவார்கள். லியூ தோட்டத்திலிருந்து நடந்து போகும் தூரம்தான். ஹாங்சோவிலும் லிங்யின் பக்கம் கோயில் உணவு உண்டு. மற்ற இடங்களில் "வோ ச்சி சூ" என்று சொல்லுங்கள், நான் சைவம் என்று பொருள். உச்சரிப்பு சரியாக வராவிட்டால் கைப்பேசியில் எழுதிக் காட்டிவிடுங்கள். அதோடு "இறைச்சிச் சாறும் வேண்டாம், கொழுப்பும் வேண்டாம்" என்றும் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பலருக்கு, துண்டாகத் தெரியாத இறைச்சி இறைச்சிக் கணக்கில் வராது.

கரைநடை:

முழங்காலைப் பொறுத்தவரை நீங்கள் நினைத்திருப்பது தலைகீழ். பரப்பில் சிறியதென்பதால் தோட்டம் எளிதாகிவிடாது. சூசோ வீடுகளில் வாசலுக்கு வாசல் உயரமான நிலைப்படி இருக்கும். கைத்தடி வைத்திருப்பவர் ஒவ்வொன்றிலும் நின்று காலைத் தூக்கி வைக்க வேண்டும். பாதைகளில் கூழாங்கற்களையும் ஓட்டுச் சில்லுகளையும் பதித்துப் பூவேலை செய்திருப்பார்கள். பார்வைக்கு அழகு, மழை பெய்தால் வழுக்கல். சிங்க வனம் என்ற தோட்டத்தில் செயற்கைக் குன்றுகளுக்குள் ஏறி இறங்கும் குகைப் பாதைகள் உண்டு. குழந்தைகளுக்குக் கொண்டாட்டம், உங்கள் அம்மாவுக்கு வேண்டவே வேண்டாம்.

மேற்கு ஏரிக் கரை சமதளம். மின்வண்டிகள் ஏரியைச் சுற்றி ஓடுகின்றன. கால் வலித்தால் ஏறிக்கொள்ளலாம். துடுப்புப் படகில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தபடியே ஏரியின் நடுப்பகுதி வரை போய்வரலாம். லெய்ஃபெங் கோபுரத்தில் நகரும் படிக்கட்டே வைத்திருக்கிறார்கள். 975-இல் கட்டிய கோபுரத்தில் நகரும் படிக்கட்டா என்று அதிர்ச்சி அடைய வேண்டாம். பழையது 1924-இல் இடிந்து விழுந்துவிட்டது. செங்கல் ஒன்றை வீட்டில் வைத்திருந்தால் நல்லது நடக்கும் என்று ஆளாளுக்கு உருவியதும் அதற்கு ஒரு காரணம். இப்போது நிற்பது 2002-இல் கட்டியது. கீழ்த்தளத்தில் பழைய செங்கல் குவியலை அப்படியே கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள்.

கல்தச்சன்:

நிலைப்படிகளைப் பற்றிச் சொன்னது உண்மைதான். அதை முதல் பதிவிலேயே நான் எழுதியிருக்க வேண்டும். என் முழங்கால் இன்னும் ஒத்துழைப்பதால் தோன்றவில்லை. சிங்க வனத்தைத் தவிர்க்கச் சொன்னதும் சரி. அதை வெளியிலிருந்து பார்த்தாலே போதும்.

ஆனால் "ஹாங்சோ சமதளம்" என்பதையும் முழுதாக ஏற்க மாட்டேன். சூ கரையின் ஆறு பாலங்களும் வில்லாக வளைந்தவை. ஏற்றமும் இறக்கமுமாகப் பன்னிரண்டு சரிவுகள். லிங்யின் கோயிலிலோ ஒவ்வொரு மண்டபத்துக்கும் படியேற வேண்டும். எல்லாவற்றையும்விட, ஏரியைப் பார்ப்பது என்பதே நடப்பது. ஓரிடத்தில் உட்கார்ந்தால் ஒரு காட்சிதான். அது எவ்வளவு அழகாக இருந்தாலும், அடுத்த காட்சிக்கு ஒரு கிலோமீட்டர் போக வேண்டும். சூசோ தோட்டத்தில் பத்தடி நகர்ந்தால் காட்சி மாறும். மாறும் ஒவ்வொரு இடத்திலும் உட்கார ஓர் இருக்கை இருக்கும். நீரோர நடைமண்டபங்களில் முதுகு வெளிப்புறமாகச் சாயும்படி வளைந்த மரக்கம்பிகளுடன் நீள இருக்கைகளை வைத்திருப்பார்கள். அந்தக் காலப் பணக்கார வீட்டுப் பெண்கள் வெளியே செல்ல முடியாமல் உட்கார்ந்திருந்த இருக்கைகள் என்பது இன்னொரு கதை. நடப்பது சிரமம், பார்ப்பது விருப்பம் என்பவர்களுக்கு அவற்றைவிடப் பொருத்தமானது எதுவும் இல்லை.

ஓவியம் என்பதாலும் ஒன்று சொல்ல வேண்டும். சுவோசெங் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே கட்டடக் கலைஞர் ஐ. எம். பெய் வடிவமைத்து 2006-இல் திறந்த சூசோ அருங்காட்சியகம் இருக்கிறது. சிங்க வனம் ஒருகாலத்தில் அவருடைய குடும்பத்தின் சொத்து. சிறுவயதில் அங்கே விளையாடியவர். தோட்டக்காரர்கள் துளைகள் நிறைந்த ஏரிக்கற்களைத் தேடி அலைந்தார்கள் என்றால், இவர் கல்லைத் தகடு தகடாக அறுத்து, வெள்ளைச் சுவரின் முன் வரிசையாக நிறுத்தி, மையால் தீட்டிய மலைத்தொடர் போல ஆக்கினார். அந்தச் சுவர் அடுத்த வீட்டுத் தோட்டத்தின் சுவர் என்பதுதான் சுவை. நுழைவு இலவசம், ஆனால் முன்பதிவு கட்டாயம்; திங்கட்கிழமை விடுமுறை. கடவுச்சீட்டை எடுத்துச் செல்லுங்கள்.

கரைநடை:

விட்டுக்கொடுக்கிறேன், ஆனால் பாதிதான். எங்கள் வழக்குக்குப் பழைய சாட்சி ஒருவர் இருக்கிறார். தாங் காலக் கவிஞர் பாய் ஜூயி 822 முதல் 824 வரை ஹாங்சோவின் ஆட்சியர். அடுத்து 825-இல் சூசோவுக்கும் ஆட்சியராகப் போனார். இரண்டு ஊர்களையும் ஆண்ட மனிதர் அவர். முதுமையில் வடக்கே இருந்துகொண்டு தென்னாட்டை நினைத்து எழுதிய பாடல்களில், மிக அதிகமாக நினைவுக்கு வருவது ஹாங்சோ என்றும் அதற்கு அடுத்தது சூசோ என்றும் வரிசையே போட்டுவிட்டார். (ஏரியில் உள்ள பாய் கரையை அவர் கட்டினார் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள், நம்ப வேண்டாம். அவர் கட்டிய கரை வேறு, அது இப்போது இல்லை.)

கல்தச்சன்:

நல்ல சாட்சிதான். ஆனால் அவர் சூசோவில் இருந்தபோது உடல்நலமில்லாமல் பதவியை விட்டுப் போனவர். நோயில் கழித்த ஊர் இரண்டாம் இடத்துக்கு வந்ததே பெரிது. மேலும், நாம் பேசிக்கொண்டிருக்கும் தோட்டங்களில் ஒன்றுகூட அவர் காலத்தில் இல்லை. அவற்றில் பழமையான சாங்லாங் தோட்டமே பதினோராம் நூற்றாண்டினது.

மதகு:

தகராறுக்குள் வராமல் ரயில் நிலையங்களைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். சூசோவுக்குச் சீட்டு வாங்கும்போது 'சூசோ' என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். 'சூசோ வடக்கு' என்பது பெய்ஜிங் தடத்தில் ஊருக்கு வெளியே இருக்கும் வேறு நிலையம். நான் அவசரத்தில் அதை வாங்கி, பெட்டிகளோடு நகர ரயிலில் நின்றபடி உள்ளே வந்தேன். ஹாங்சோவில் பெரும்பாலான அதிவேக வண்டிகள் 'ஹாங்சோ கிழக்கு' நிலையத்தில் நிற்கும். வெறும் 'ஹாங்சோ' நிலையத்துக்கு வண்டி கிடைத்தால் ஏரிக்கு அதுவே அருகில். ஷாங்காயிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஹாங்சோவில் விமான நிலையம் உண்டு, சூசோவில் இல்லை. நீங்கள் ஷாங்காய் வழியாகத் திரும்புவதால் அது உங்களுக்குப் பொருட்டில்லை.

இன்னொன்று: விடுதி வாசலில் "ஒருநாள் தோட்டச் சுற்றுலா, மிக மலிவு" என்று துண்டறிக்கை கொடுப்பார்கள். நாங்கள் ஏறிய வண்டி ஒரு தோட்டத்தில் நாற்பது நிமிடமும், பட்டுக் கடைகள் இரண்டில் மூன்று மணி நேரமும் நின்றது.

இளவேனில்:

நேற்று இரவு இந்தப் பதிவுகளை அம்மாவுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். மூடுபனியையும் தண்ணீர் எழுத்துகளையும் பற்றிக் கரைநடை அவர்கள் எழுதியதைக் கேட்டபோது, ஹாங்சோதான் என்று அம்மா சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். "அந்தப் பெரியவர் என்ன எழுதினார் என்று அவர் கேட்டிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார். பிறகு கைப்பேசியில் இரண்டு ஊர்களின் படங்களையும் பார்த்தோம். சாங்லாங் தோட்டத்தின் சுவர்ச் சன்னல்கள் வந்தபோது படத்தை நகர்த்த விடவில்லை. 108 சன்னல்கள், ஒவ்வொன்றின் பின்னலும் வேறு வேறு என்று படத்தின் கீழே எழுதியிருந்தது. "ஒன்றுகூடவா இன்னொன்று போல இல்லை?" என்று கேட்டுவிட்டு, மேசையில் கிடந்த மின்கட்டண ரசீதின் பின்புறத்தில் ஒரு சன்னலை வரைய ஆரம்பித்தார். மாதுளம்பழமா தாமரையா என்று எங்கள் இருவருக்கும் இடையே சிறிய வாக்குவாதமும் நடந்தது.

ஆகவே சூசோ. நான்கு நாட்களும் அங்கேயே. முதல் நாள் சாங்லாங், இரண்டாம் நாள் வலைஞர் தோட்டம், மூன்றாம் நாள் அருங்காட்சியகமும், அம்மாவுக்கு முடிந்தால் பக்கத்தில் சுவோசெங்கும், நான்காம் நாள் லியூ தோட்டமும் கோயில் நூடுல்சும். கரைநடை அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன். சாங்லாங் பற்றி யாருக்காவது கூடுதலாகத் தெரிந்தால் சொல்லுங்கள்.

கரைநடை:

கோபமெல்லாம் இல்லை. பெரியவர் எழுதியதை நான் கேட்டேன், அம்மாவிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் பழைய கவிதைகள்தான். ஒருநாள் மட்டும் தன் பேத்தியின் பெயரைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தார்.

கல்தச்சன்:

சாங்லாங்கை முதல் நாளுக்கு வைத்தது நல்ல முடிவு. 1040-களில் பதவி இழந்து வந்த சூ சுன்சின் என்ற கவிஞர், கைவிடப்பட்டுக் கிடந்த நிலத்தை வாங்கி அமைத்தது அது. மற்றத் தோட்டங்களைப் போலக் கூட்டம் இருக்காது. அதன் தனித்தன்மை வாசலுக்கு வெளியிலேயே தொடங்குகிறது. மற்றவர்கள் சுவருக்குள் குளம் வெட்டினார்கள். இங்கே வெளியே ஓடும் வாய்க்காலையே தோட்டத்தின் குளமாக்கிக்கொண்டார்கள். வாய்க்கால் மேலுள்ள கல்பாலத்தைக் கடந்துதான் உள்ளே நுழைய வேண்டும். பாலத்தில் நிதானமாக நடக்கச் சொல்லுங்கள், கல் தேய்ந்திருக்கும்.

உள்ளே சென்றதும் எதிரே தெரியும் குன்றின் மேல் ஏற வேண்டாம். மண்டபம் மேலே இருக்கிறது என்றாலும் படிகள் ஒழுங்கற்றவை. வாய்க்கால் பக்கமாகத் திரும்பினால் இரட்டை நடைமண்டபம் வரும். நடுவில் ஒரே சுவர், சுவரின் இருபுறமும் நடைபாதை, சுவர் நெடுகச் சன்னல்கள். ஒருபுறம் நடந்தால் வெளியே நீர், மறுபுறம் நடந்தால் உள்ளே குன்று. சன்னல் வழியாக இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று தெரியும். ஓட்டை வளைத்து அடுக்கிச் சுண்ணச் சாந்து பூசிச் செய்த பின்னல்கள் அவை. காலை ஒன்பது மணி வாக்கில் வெயில் சாய்வாக விழும்போது அவற்றின் நிழல் தரையில் நீளும். பதினொரு மணிக்குள் சுருங்கிவிடும்.

அம்மாவிடம் ஓவியத் தாளும் நல்ல பென்சிலும் கொடுத்து அனுப்புங்கள். ரசீதின் பின்புறம் 108 சன்னல்களுக்குக் காணாது. மாதுளை, தாமரை, பீச், முருங்கையிலை போன்ற ஏதோ ஓர் இலை என்று எனக்கு நினைவிருப்பவை சில. இலை என்னவென்று அவர் கண்டுபிடித்தால் இங்கே வந்து எழுதுங்கள்.